கழிவுநீரை நிறுத்தாமல் தூர்வாராதீர்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓடும் சிற்றாற்றை இரண்டு முறை தூர்வாரிவிட்டார்கள். சில மாதங்களிலேயே மறுபடியும் கறுப்புத் தண்ணீர், நாற்றம், ஆகாயத்தாமரை. என்ன செய்யலாம்?

பதில்: கழிவுநீர் வரத்தை அடைக்காமல் வாரியிருக்கிறார்கள், அதனால்தான். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நாறுகிறது, இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. ஆகாயத்தாமரை செழிப்பது நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்திருப்பதால். அதை மட்டும் அள்ளிப் பயனில்லை.

மழை விட்டு மூன்று நாள் கழித்துக் கரையோரம் நடந்து, ஆற்றில் விழும் ஒவ்வொரு குழாய்வாய்க்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறியுங்கள். மழைநீர் வடிகாலில் அப்போதும் தண்ணீர் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் மிகுந்த காலை 6 முதல் 9 மணிக்குள் பாருங்கள். சாம்பல் நிறம், சோப்பு நுரை, மல நாற்றம் இருந்தால் அம்மோனியா சோதனைப் பட்டையை நனைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். அம்மோனியா இருந்தால் கழிவுநீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. அம்மோனியா இல்லாத தெளிந்த நீர் ஊற்றாகவும் இருக்கலாம். அதைத் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள், கோடையில் ஆற்றைக் காப்பதே அதுதான்.

பிறகு நகராட்சி ஊழியர்களோடு வடிகால் வழியே மேல்நோக்கிப் போய், அதிலுள்ள மூடியிட்ட ஆள்நுழைகுழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். விஷவாயு இருக்கும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஓட்டம் எந்தக் குழியில் தொடங்குகிறதோ, அதற்கு அருகிலுள்ள கட்டடங்களின் கழிவறையில் ஃப்ளோரசின் சாயம் ஊற்றினால், தவறான இணைப்பு இருக்கும் இடத்தில் வடிகாலில் பளிச்சென்ற பச்சை தெரியும். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு மழைநீர் வடிகாலில் வழிவதும் அடிக்கடி நடப்பதே. அங்கே வீட்டுக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை, அடைப்பை எடுக்க வேண்டும்.

லண்டன் தேம்ஸின் நிலையும் இப்படித்தான் இருந்தது. 1957-ல் உயிரற்றதென அறிவிக்கப்பட்ட ஆற்றில் 1974-ல் சால்மன் மீன் கிடைத்தது. பெக்டன், கிராஸ்னெஸ் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தியதே முக்கியக் காரணம்.

கேள்வி: தண்ணீர் தெளிந்தால் குழந்தைகளை ஆற்றில் இறங்க விடலாமா?

பதில்: தெளிவை நம்பாதீர்கள். நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஒரு பருவம் முழுக்க ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) பரிசோதனை செய்து, அளவு குளிப்பதற்கான வரம்புக்குள் இருந்தால் மட்டும் இறங்கலாம். மழை பெய்தால் அடுத்த 48 மணி நேரம் வேண்டாம். தெருக்கழிவெல்லாம் அப்போது ஆற்றுக்குத்தான் வரும். மியூனிக்கில் இசார் ஆற்றின் 8 கிலோமீட்டர் கரையை 2000 முதல் 2011 வரை சரளைக் கரையாக மாற்றினார்கள். கூடவே மேல்பகுதிச் சுத்திகரிப்பு நிலையங்களில் புறஊதா ஒளியால் கிருமி நீக்கமும் செய்தார்கள். பரிசோதனையில் நீர் தேறும் வரை உங்கள் ஆற்றில் படித்துறையும் நடைபாதையும் போடுங்கள், மக்கள் கரைக்கு வரட்டும். நீர் அளவு குறைந்த மாதங்களில் கரையை மூன்றடிக்கு ஓரடி உயரும் சரிவாக வெட்டி, தென்னைநார் விரிப்பு போட்டு, உள்ளூர் புல்லை நட்டுவிடுங்கள். வெள்ளத்துக்கு முன் வேர் பிடிக்காவிட்டால் மண்ணோடு போய்விடும்.