ஷண்ட் வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்…

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பிறந்த 5-வது மாதத்தில் ஹைட்ரோகெபாலஸ், அதாவது மூளைக்குள் நீர் தேங்குகிறது என்று சொல்லி, அதை வடிக்க மூளையிலிருந்து வயிற்றுக்கு ஷண்ட் என்ற குழாய் வைத்தார்கள். 3 வயதில் அது அடைத்துக்கொண்டு மறுபடி ஆபரேஷன். அதற்குப் பிறகு நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் அவன் ஒரு தும்மல் போட்டாலே எனக்குக் கை கால் நடுங்குகிறது. போன மாதம் காய்ச்சலும் வாந்தியும் வந்து, ராத்திரி 11 மணிக்குக் கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வெறும் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் ‘நீ பயந்து எங்களையும் பயமுறுத்துகிறாய்’ என்கிறார்கள். அவன் அப்பத்தாவோ, ‘தலையில் ஏற்கெனவே நீர் கோத்த பிள்ளை, சளி பிடித்தால் நீர் கூடிப்போகும்’ என்று தலைக்கு ஊற்றவே விடுவதில்லை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். எது சாதாரணக் காய்ச்சல், எதற்கு ஓட வேண்டும், எனக்கு எப்படித் தெரியும்?
– ஓர் அம்மா, காரைக்குடி

பதில்: அன்றைக்கு ராத்திரி நீங்கள் மதுரைக்குப் போனது சரிதான், தங்கச்சி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் பேசிய பேச்சைக் கேட்டு, அடுத்த தடவை நீங்கள் காலை வரைக்கும் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். ஷண்ட் இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தால், ஸ்கேன் இல்லாமல் பெரிய டாக்டரே உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சொல்வீர்கள்?

என் தம்பிக்கும் ஷண்ட் இருக்கிறது. அவனுக்கு 11 வயது இருக்கும்போது பள்ளத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்றான், அப்புறம் வாந்தி. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். தொக்கம் எடுக்கிற ஒரு பாட்டியைக் கூட்டிவந்து வயிற்றை நீவினார்கள். சாயங்காலம் பக்கத்து டாக்டர் வாந்தி நிற்க ஊசி போட்டார், ஷண்ட் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. தம்பி தூங்கினான். பிள்ளை அசந்து தூங்குகிறான், எழுப்பாதே என்று அம்மா கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. ஷண்ட் அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்து பிழைத்தான். இப்போது அவனுக்கு 34 வயது, வேலைக்குப் போகிறான். ஆனால் அந்தச் சாத்திய கதவை அம்மா இன்னும் மறக்கவில்லை. பின்னால் யோசித்தபோதுதான் தெரிந்தது: அதே பந்தியில் சாப்பிட்ட வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவனுக்கு வயிற்றுப்போக்கும் இல்லை.

அப்பத்தா சொல்வதற்கு வருகிறேன். அவர் மேல் கோபப்படாதீர்கள், குழப்பம் வார்த்தையில்தான் இருக்கிறது. நம் ஊரில் மூக்கடைத்து நெற்றி பாரமாக இருந்தாலும் ‘தலையில் நீர் கோத்திருக்கு’ என்றுதான் சொல்கிறோம், நீர்க்கோவை மாத்திரையை உரசிப் பற்றுப் போடுகிறோம். உங்கள் மகனுக்கு இருப்பது அந்த நீரே இல்லை. மூளைக்குள் இருக்கும் அறைகளில் ஒரு தெளிந்த திரவம் இரவு பகலாக ஊறிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் போல ஊறும், ஊறுகிற அளவுக்கு ரத்தத்தில் கலந்து வடிந்தும் விடும், அதனால் உள்ளே எப்போதும் நிற்பது 150 மில்லி சுமார்தான். இவனுக்கு அந்த வடிகால் சரியில்லை, ஷண்ட் அதை வயிற்றுக்கு வடிக்கிறது. மூக்கில் ஒழுகுகிற சளி மூக்குக்குள் இருக்கும் தோலில் சுரப்பது. தலைக்கு ஊற்றினால் மூளையில் நீர் கூடாது, சளி பிடித்தாலும் கூடாது.

சரி, எப்போது ஓடுவது? காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைவிட, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கியதும், போனைக் கேட்கிறான், இட்லி வேண்டாம் தோசை வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கும் அதே சளி இருக்கிறது என்றால் மூச்சு விட்டுக்கொள்ளலாம், ஆனாலும் கண் அவன் மேலேயே இருக்கட்டும். சூடு இறங்கியும் மந்தமாகவே கிடக்கிறான், தலைவலி காலையில் எழுந்ததும் அல்லது படுத்தால் அதிகமாகிறது, வயிற்றுப்போக்கு இல்லாமல் வாந்தி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, கண் மாறுகண் போல ஆகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறான், நடை தள்ளாடுகிறது – இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். கழுத்திலோ நெஞ்சிலோ குழாய் போகிற வழியில் சிவந்து வீங்கினாலும், வயிற்று வலி விடாமல் இருந்தாலும் அப்படித்தான். எழுப்ப முடியவில்லை, வலிப்பு வந்துவிட்டது என்றால் யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் டெங்குவிலும் விடாத வாந்தியும் சோர்வும் ஆபத்தான அறிகுறிதான், அதனால் எது என்று வீட்டில் வாதம் செய்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். மதுரை நமக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் நாம் முடிவெடுக்க வேண்டும்.

ஷண்டில் கிருமி தொற்றுவது பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில்தான். உங்கள் மகனுக்கு 3 வருஷம் ஆகிவிட்டது, ஆகவே ஒவ்வொரு காய்ச்சலிலும் ஷண்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றில்லை.

மருந்து விஷயத்தில் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். சளி சிரப்புகள் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கிறது. மற்ற பிள்ளைகள் தூங்கினால் பரவாயில்லை, இவன் தூங்கினால் மருந்தா ஷண்டா என்று தெரியாமல் நீங்கள் தவிப்பீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காமல், டாக்டரிடம் தூக்கம் தராத மருந்தாகக் கேளுங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு உடல் எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, இடையில் 4 முதல் 6 மணி நேரம் விட்டு, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். 5 மில்லியில் 125 என்றும் 250 என்றும் இரண்டு வகை சிரப் விற்கிறார்கள், பாட்டிலைப் பார்த்து ஊற்றுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுபுரூஃபென் வேண்டாம், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடம்பில் நீர் சீக்கிரம் வற்றும், ஷண்ட் இருக்கிற பிள்ளைக்கு அதனாலேயே தலை வலிக்கும். கஞ்சித் தண்ணி, ஓஆர்எஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலச்சிக்கலையும் விடாதீர்கள், வயிற்றில் அழுத்தம் கூடினால் நீர் வடிவது தடைபடலாம். தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது எல்லாம் இவனுக்கு வேண்டவே வேண்டாம், குழாயின் நுனி அந்த வயிற்றில்தான் இருக்கிறது. தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சலுக்குப் பயந்து ஊசிகளையும் நிறுத்திவிடாதீர்கள்.

போன மாதம் எடுத்த ஸ்கேன் வீண்செலவு என்று யாராவது சொன்னால், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஷண்ட் நன்றாக வேலை செய்யும்போது அவன் மூளையின் அறைகள் எந்த அளவில் இருக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. நாளைக்குச் சந்தேகம் வந்தால் டாக்டர் அதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார். ஃபிலிமைப் பீரோவில் பத்திரமாக வைத்து, போனிலும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். ஒரு தாளில் ஆபரேஷன் தேதிகள், ஷண்டில் நீர் வடிவதைக் கட்டுப்படுத்தும் வால்வின் பெயர், போன தடவை அடைத்தபோது முதலில் என்ன தெரிந்தது என்று எழுதி, ஒரு நகலை வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள். பெரும்பாலும் போன தடவை வந்த மாதிரியே அடுத்த தடவையும் வரும் என்பதால் அந்தக் கடைசி வரி முக்கியம். எந்த டாக்டரிடம் போனாலும் ‘இவனுக்கு ஷண்ட் இருக்கிறது’ என்பது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

அப்பத்தாவையும் அடுத்த செக்கப்புக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் பத்துத் தடவை சொல்வதை டாக்டர் ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொள்வார். அப்புறம் சளி விட்டதும் ஒரு சனிக்கிழமை அவர் கையாலேயே பேரனுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றச் சொல்லுங்கள், காதுக்குப் பின்னால் வால்வு மேடாக இருக்கும் இடத்தை மட்டும் அழுத்தித் தேய்க்காமல்.