லிமாவின் பழைய தேவாலயங்கள் கல்லா, மண்ணா?

“பெருவின் தலைநகர் லிமாவில் ஸ்பானியர் கட்டிய கல் தேவாலயங்கள் இத்தனை நிலநடுக்கத்துக்கும் எப்படி நிற்கின்றன?” என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை வைத்துக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. கல்லைப் பார்க்க, மலைமேல் இருக்கும் பழைய இன்கா தலைநகர் கூஸ்கோவுக்குப் போக வேண்டும். லிமா பெரும்பாலும் மண்.

மேலே கல் வளைவு போலத் தெரிவது கின்ச்சா. நம் படல் சுவரின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளம் கனமான பச்சைச் செங்கல், அதாவது சுடாத மண் செங்கல். அதற்கு மேல் கிடைமரம் போட்டு, நிலைக்கால்களை அதில் பொருத்தி, இடையில் நாணலை அடைத்து, தோல் வாரால் கட்டுவார்கள். வைக்கோல் பிசைந்த மண்ணை இருபுறமும் அப்புவார்கள். முதல் பூச்சு காயும்போது வெடிக்கத்தான் செய்யும். அடுத்த பூச்சு அதை மூடும். கடைசியில் ஜிப்சமோ சுண்ணாம்போ பூசி, கல் மாதிரி தீட்டிவிட்டால் வேலை முடிந்தது. வளைவுக் கூரை என்றால், வளைத்துச் செய்த மரச்சட்டங்களின் அடியில் நாணலை அடித்துப் பூசுவது. பாரம் குறைவு, ஆட்டினால் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

சான் பிரான்சிஸ்கோ தேவாலயம் 1656இல் இடிந்தபின் இப்படித்தான் எழுந்தது. 1687, 1746 நிலநடுக்கங்களுக்குப் பின் ஊரே இந்த முறைக்கு மாறியது. 1746இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூயி கோதேன் மேல்மாடியே கூடாது என்றார். மாடி வீட்டுச் சீமான்கள் விடுவார்களா? சமரசமாக வந்ததுதான் கின்ச்சா மாடி.

கின்ச்சா விழாது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கரையான் அரித்தாலும், ஈரம் ஏறி நிலைக்காலின் அடி மக்கினாலும் விழும். லிமாவில் மழை அபூர்வம், அதனால்தான் மண் இத்தனை காலம் தாங்கியது. ஆனால் குளிர்காலப் பனித்தூறல் உண்டு. இதைவிட மோசம், பழுதுபார்க்கிறேன் என்று சிமெண்ட் பூசுவது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மண் இளகும், பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பிரதான சதுக்கத்தைப் படமெடுத்து “காலனிய லிமா” என்று போடுகிறார்களே, அங்கே பேராயர் மாளிகை 1924, அரசு மாளிகை 1938, நகராட்சி 1944! பால்கனியைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். நிஜமான பால்கனி வேண்டுமானால் அருகிலேயே டோரே தாக்லே மாளிகை இருக்கிறது. 1735இல் முடிந்தது, 1746ஐயும் பார்த்தது.