புல் வலையும் சுருக்குக் கயிறும்: வாங்கும் முன்பு, கட்டும்போது

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாயத்தில் எங்கள் மகளுக்காகக் குதிரை ஒன்று வைத்திருக்கிறோம். தரையில் போடும் புல் மிதிபட்டு வீணாகிறதே என்று ஆன்லைனில் ஹே நெட் என்கிற புல் வலை வாங்கினேன். போன வாரம் குதிரை முன்னங்காலால் தட்டியபோது லாடம் வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டது. குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் பக்கத்திலேயே இருந்ததால் கத்தியால் அறுத்துவிட்டார். வலையே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிடலாமா? (நீலாங்கரை வாசகி)

பதில்: வலையைத் தூக்கிப் போட வேண்டாம். அது தொங்கிய உயரத்தைத்தான் மாற்ற வேண்டும். புல் நிறைந்திருக்கும்போது சரியான உயரத்தில் இருப்பதுபோல் தெரியும். குதிரை தின்னத் தின்ன வலை மெலிந்து, அடிப்பாகம் கீழே இறங்கிக்கொண்டே வரும். முக்கால்வாசி காலியான பிறகு முழங்கால் அளவுக்கு வந்துவிடும். ஆபத்து அந்த நேரத்தில்தான் வருகிறது. ஆகவே உயரத்தை, காலி வலையைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதன் அடி குதிரையின் நெஞ்சுக்குக் கீழே வரக் கூடாது.

அதற்காக எட்டாத உயரத்தில் கட்டிவிடாதீர்கள். தலையைத் தூக்கித் தின்னும் குதிரையின் கண்ணிலும் மூக்கிலும் புல் தூசி விழும். நிறைந்த வலை கண் மட்டத்துக்கு இருந்தால் போதும்.

சுருக்குக் கயிற்றின் முக்கிய வேலை வலையின் வாயை மூடுவது மட்டும் இல்லை. வாயை இறுக்கிய பிறகு, கயிற்றைச் சுவரில் உள்ள வளையத்தில் விட்டு, வலையின் வாய் வளையத்தைத் தொடும்வரை மேலே இழுங்கள். மிச்சக் கயிற்றைக் கீழே கொண்டுவந்து, வலையின் அடிப்பக்கத்தில் உள்ள கண்களுக்குள் நுழைத்து, மறுபடி மேலே இழுங்கள். இப்போது வலையின் அடியும் தூக்கிக்கொள்ளும். காலியானாலும் தொங்காது. பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது சுற்றைத்தான். உங்கள் லாயத்திலும் அதை விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். எடை ஏற ஏற இறுகும் உருவாஞ்சுருக்கு இங்கே ஆகாது. கயிற்றின் முனையை முழுவதுமாக நுழைக்காமல், மடித்து, அந்த மடிப்பை மட்டும் உள்ளே விட்டு இறுக்குங்கள், ஷூ லேஸில் ஒரு காது மட்டும் விடுவதுபோல. வெளியே நிற்கும் முனையை இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும். சில குதிரைகள் இந்த முனையைப் பல்லால் இழுத்து அவிழ்க்கக் கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட குதிரைக்கு முனையை அந்த மடிப்புக்குள் ஒரு முறை விட்டுவைக்கலாம். ஆனால் அவசரத்தில் முதலில் அதை வெளியே எடுத்த பிறகே இழுக்க முடியும் என்பதைச் சைஸுக்கும் மகளுக்கும் செய்துகாட்டிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வலையில் தின்னும் நேரத்தில் ஹால்டரை, அதாவது குதிரையின் தலையில் மாட்டும் வாரை, கழற்றிவிடுங்கள். அதன் கொக்கி வலைக் கண்ணில் சிக்கும். குதிரையைக் கட்டியே வைக்க வேண்டியிருந்தால், குதிரையின் கயிறும் வலையின் கயிறும் ஒரே வளையத்தில் இருக்கக் கூடாது. வலையை நேரடியாக வளையத்தில் கட்டுங்கள். குதிரையின் கயிற்றை மட்டும், வேறொரு வளையத்தில் போட்ட மெல்லிய சணல் கண்ணியில் கட்டுங்கள். குதிரை மிரண்டு இழுத்தால் அந்தச் சணல் அறுந்து கொடுக்கும்.

இரவில் ஆள் இல்லாத லாயம் என்றால் நான் வலையே வைக்க மாட்டேன். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருந்தாலும், இழுக்க ஒருவர் வேண்டுமே. புல்லைத் தரையில் ஓர் அகலத் தொட்டியில் போட்டுவிடுங்கள். கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. குட்டி இருக்கும் இடத்திலும் இதேதான். சின்னக் குளம்பு எந்தக் கண்ணிலும் நுழைந்துவிடும்.

கேள்வி: “அறுந்தே போகாத கயிறு, ஸ்டீல் கொக்கியுடன்” என்று ஒரு வலை இரண்டு மடங்கு விலையில் விற்கிறார்கள். வாங்கலாமா? (முட்டுக்காடு வாசகர்)

பதில்: கூடுதல் விலைக்கு அதில் ஒன்றும் இல்லை. 400 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தின்னும் உலர் புல்லே 6 முதல் 8 கிலோதான். அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத்தான் வைப்பீர்கள். அந்த எடையைத் தாங்க யானை கட்டும் கயிறு தேவையில்லை. கால் மாட்டிக்கொண்ட குதிரை முழு பலத்தோடு இழுக்கும்போது, அறுந்தே போகாத கயிறு தசையை அறுக்கும். ஸ்டீல் கொக்கியும் எடை தொங்கும்போது லேசில் கழலாது. போதாததற்கு, குதிரையின் கண்ணுக்கும் மூக்குக்கும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது கயிற்றின் தரத்தையும் நீளத்தையும் பாருங்கள். பென்சில் பருமனில், பின்னிய, கைக்கு மெத்தென்று இருக்கும் கயிறு நல்லது. மெல்லிய கயிறு ஈரத்தில் முடிச்சு இறுகி நகத்துக்கே பிடி கொடுக்காது. மூன்றடி வலை என்றால், வாயை இறுக்கிய பிறகு ஐந்தாறு அடி கயிறு மிஞ்ச வேண்டும். குறைந்தால் அடிப்பக்கம் வரை கொண்டுபோய்த் திரும்ப முடியாது. கூடினால் முனை தொங்கி, அதுவே இன்னொரு கண்ணியாகும். நைலான் முனையை நெருப்பில் காட்டி உருக்கியிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். சிலவற்றில் கெட்டியாகி முள்போல் நிற்கும்.

கேள்வி: காசிமேட்டில் மீன் வலை மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி நாமே சுருக்குக் கயிறு கோத்துக்கொள்ளக் கூடாதா? (ராயபுரம் வாசகர்)

பதில்: தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பில் பின்னிய வலை என்றால் கூடவே கூடாது. அந்த நரம்பு குதிரையின் உதட்டையும் ஈறையும் கீறிவிடும். பழைய வலை எதுவானாலும் வேண்டாம். உப்பும் மீன் நாற்றமும் ஒருபுறம் இருக்கட்டும். பிய்ந்த இழைகள் புல்லோடு வயிற்றுக்குள் போகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய இழை குடலில் அடைத்தால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தடித்த நூலில் பின்னிய புது வலை என்றால் யோசிக்கலாம். முடிச்சு இல்லாத பின்னல் உதட்டுக்கு நல்லது. ஆனால் மீன் வலையின் கண்ணளவை, கண்ணை நன்றாக இழுத்து நீட்டி அளந்து சொல்வார்கள். கடைக்காரர் 40 மில்லிமீட்டர் என்றால், சதுரத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்தான். குதிரை வலைக்கு ஒரு பக்கம் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் வேண்டும். கையில் அளவுகோல் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: மெரினாவில் குதிரை சவாரி விடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய வலையின் கயிறு மூன்றே வாரத்தில் அறுந்துவிட்டது. “பத்து நாளில் ரிட்டர்ன் செய்திருக்க வேண்டும்” என்கிறார்கள். அவ்வளவுதானா? (திருவல்லிக்கேணி வாசகர்)

பதில்: ரிட்டர்ன் நாள் என்பது கடை வைத்த விதி. பொருளில் குறை இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி புகார் செய்ய உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஒரே குதிரையை நீங்களே ஓட்டிச் சம்பாதிக்கிறீர்கள் என்றால் தைரியமாகப் போகலாம். ஆள் வைத்து நடத்தும் பெரிய சவாரிப் பள்ளிக்கு இது அவ்வளவு எளிதில்லை.

முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஒரு வலைக்காக ஆணையம் வரை போவது நேர விரயம் என்றுதான் நான் சொல்வேன். குதிரைக்குக் காயம் பட்டு வைத்தியச் செலவு ஆகியிருந்தால் கதை வேறு. அப்போது அறுந்த வலையை அப்படியே எடுத்துவையுங்கள், படம் எடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டினாலும் தனியார் மருத்துவரிடம் காட்டினாலும் காயத்தின் காரணத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் பொறுப்பிலிருந்து தப்பிக்கச் சட்டமே வழி தருகிறது. வந்த கயிறு பிடிக்கவில்லை என்று நீங்களே வேறு கயிறு கோத்தால், அதன் பிறகு நடப்பது உங்கள் பாடு. கயிறு மோசமாக இருந்தால் ரிட்டர்ன் நாளுக்குள்ளேயே திருப்பி அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: கயிற்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? (அடையாறு வாசகி)

பதில்: நாள் கணக்கு உதவாது. சென்னை வெயிலில் நைலானும் பிளாஸ்டிக் கயிறும் வெளுத்து, விறைத்து, தேய்த்தால் மாவுபோல் உதிரும். அந்த நிலை வந்ததும் மாற்றிவிடுங்கள். பருத்திக் கயிறு ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாமல் பூசணம் பிடிக்கும். வளையத்தில் உரசும் இடமும் அடிக்கண்ணில் நுழையும் இடமும்தான் முதலில் தேயும். புல் நிரப்பும்போதே அங்கே விரலை ஓட்டிவிடுங்கள். வலையில் கண் பிய்ந்தால் அதே போன்ற நூலால் உடனே தைக்கலாம், கம்பியால் வேண்டாம். புல்லை நனைத்துக் கொடுப்பவர்கள், மிச்சத்தை அன்றே கொட்டி வலையை அலசி நிழலில் காயவையுங்கள். நம் ஊர் சூட்டில் ஈரப் புல் சீக்கிரம் புளித்துவிடும்.