வாசகர் கேள்வி – பதில்: கீபோர்ட்டைப் பார்க்காமல் ரைப் பண்ணப் பழகுதல்

கேள்வி: கல்லூரியில் கொம்பியூட்டர் வகுப்பு தொடங்கியிருக்கிறது. கீபோர்ட்டைப் பார்த்து இரண்டு விரலால் அடித்தால் ஓரளவு வேகமாக வருகிறது. பார்க்காமல் அடித்தால் ஒரு வரிக்கே நேரம் போய்விடுகிறது. பழைய முறையிலேயே போனால் என்ன? – மாணவி, மல்லாவி

பதில்: அந்த வேகம் இனி அதிகம் ஏறாது. கண் தாளுக்கும் கீபோர்ட்டுக்கும் திரைக்குமாக அலைவதால் வரி தவறும். விழுந்த பிழையும் பிந்தித்தான் தெரியும். முதல் சில வாரங்கள் வேகம் குறைவது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த வாரங்களில் பழைய முறைக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

இடது சுண்டுவிரல் ஏ, மோதிரவிரல் எஸ், நடுவிரல் டி, சுட்டுவிரல் எஃப். வலது சுட்டுவிரல் ஜே, நடுவிரல் கே, மோதிரவிரல் எல், சுண்டுவிரல் அரைப்புள்ளி. ஸ்பேஸ் பெருவிரலுக்கு. எஃப், ஜே இரண்டிலும் சிறிய மேடு இருக்கும். அதைத் தடவித்தான் கையை வைக்க வேண்டும். பலர் பாவித்த கீபோர்ட்டில் அது தேய்ந்திருந்தால், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு ஒரு துளி கியூட்டெக்ஸ் வைத்துக் காயவிடுங்கள்.

முதலில் இந்த நடு வரிசை மட்டும். பிறகு ஜி, எச். அடுத்து ஈ, ஐ. அடுத்து ஆர், யூ என்று இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். மேலே போன விரல் அடித்த உடனே தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். பழக்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆகக் கூடிய வேலை சுட்டுவிரல்களுக்கு: இடது சுட்டுவிரல் மட்டுமே எஃப், ஆர், வி, ஜி, ரீ, பி என்று ஆறு விசைகளைப் பார்க்கிறது. குனிந்து பார்க்கும் ஆசை விடவில்லையென்றால் கைகளின் மேல் ஒரு லேஞ்சியை விரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் இருப்பதைவிட தினமும் இருபது நிமிடம் நல்லது.

கேள்வி: எவ்வளவு அடித்தாலும் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. – பூநகரி வாசகர்

பதில்: என்ன பிழை என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஈக்குப் பதில் ஐ விழுகிறதா? இரண்டும் நடுவிரல், மூளை விரலைச் சரியாகத் தெரிந்து கையை மாற்றிவிடுகிறது. ‘டி ஈ டி, கே ஐ கே’ என்று மெதுவாக மாறிமாறி அடியுங்கள். சொல் முழுவதுமே குழம்பியிருந்தால் கை ஒரு விசை தள்ளி இருக்கிறது, மேட்டைத் தேடுங்கள். பெரிய எழுத்தில் பிழை வந்தால் ஷிஃப்டைக் கவனியுங்கள். இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட், வலது கை எழுத்துக்கு இடது ஷிஃப்ட். முந்தி விட்டால் முதல் எழுத்து சிறிதாகும். பிந்தி விட்டால் இரண்டாவதும் பெரிதாகும்.

பயிற்சி நேரத்தில் பக்ஸ்பேஸைத் தொடாதீர்கள். அழித்துவிட்டால் எந்த எழுத்தில் பிழைக்கிறீர்கள் என்பது தெரியாமலே போகும். நூறு தட்டலில் ஐந்துக்கு மேல் பிழை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். வேகக் கணக்கில் ஐந்து தட்டல் ஒரு சொல், இடைவெளியும் சேர்த்து. ஐந்து நிமிடத்தில் 500 தட்டல் என்றால் நிமிடத்துக்கு 20 சொல்.

கேள்வி: வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. கல்லூரியிலும் இரண்டு பேருக்கு ஒன்றுதான். – புதுக்குடியிருப்பு மாணவர்

பதில்: ஒருவர் வாசிக்க மற்றவர் அடியுங்கள். கேட்டு அடிப்பவருக்குக் கீபோர்ட்டையும் பார்க்க வேண்டியதில்லை, தாளையும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு யூஎஸ்பி கீபோர்ட்டும், அதைக் கைபேசியோடு இணைக்கும் ஓடிஜி வயரும் போதும், கைபேசியில் கொழுவி அடிக்கலாம். எல்லாக் கைபேசியும் இதை ஏற்காது. கடையிலேயே கொழுவிப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். கைபேசித் திரையில் பெருவிரலால் அடிப்பது இதற்குப் பயிற்சியாகாது.

கோடையில் புழுதி விசைக்கடியில் இறங்கி இறுக்கும். இறுகிய விசையைக் குத்தி அடிக்கப் பழகினால் அந்தப் பழக்கம் பிறகு போகாது. கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துத் தட்டி, காய்ந்த தூரிகையால் துடைத்து, பாவிக்காத நேரம் துணியால் மூடி வையுங்கள்.

கேள்வி: மணிக்கட்டு நோகிறது. – முழங்காவில் வாசகி

பதில்: மேசை உயரம், கதிரை பதிவு. அதுதான் பெரும்பாலும் காரணம். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை கதிரையில் தலையணை வையுங்கள். கால் எட்டாவிட்டால் காலடியில் ஒரு பலகை. கீபோர்ட்டின் பின்கால்களை மடித்துவிடுங்கள், அவை மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கும். விரல் விறைத்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தமிழுக்குப் பாமினியா, யூனிகோடா? – வவுனியா மாணவி

பதில்: ஆங்கிலத்தில் கை நிலைத்த பிறகு தமிழுக்கு வாருங்கள். அப்போதும் இரண்டு அமைப்பை ஒன்றாகப் பழகாதீர்கள்.

பாமினி ஒரு தமிழ் எழுத்துரு. அதன் விசை அமைப்பு பழைய தட்டச்சுப்பொறியின் வழியில் வந்தது. நடு வரிசை ய, ள, ன, க, ப, பிறகு அரவு, த, ம, ட, புள்ளி. ‘தலை’ என்று அடிக்க த, ஐகாரக் குறி, ல என்று குறியை முன்னால் போட வேண்டும். அச்சகங்களில் இன்னும் கேட்கிறார்கள். ஆனால் பாமினி எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் யூனிகோட் வேண்டும், அது பாமினி போன்ற தனி எழுத்துரு இல்லாமலே தமிழைக் காட்டும் பொது முறை.

யூனிகோடில் பழகுவதற்கு தமிழ்99 என்ற விசை அமைப்பை நாங்கள் விரும்புகிறோம். உயிரெழுத்து பெரும்பாலும் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை என்று வேலை பிரிந்திருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டலில் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளி தானாக விழும். பாமினியில் அதற்கு ஐந்து தட்டல். நீங்கள் போகவிருக்கும் வேலையிடத்தில் எது பாவிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பாமினிதான் என்றால் அதையே பழகி, அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் செயலியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.