பத்துப் பேர் நின்றும் ஏன் யாரும் தொடவில்லை?

கேள்வி: சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கிடந்தவரைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. பாதிப் பேர் கையில் செல்போன். ஒருவரும் கிட்டே போகவில்லை. நம் ஜனங்களுக்கு மனசில் ஈரமே வற்றிவிட்டதா? அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, வேலூர்

பதில்: ஈரம் வற்றவில்லை, அம்மா. கூட்டம்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறையில் மாணவர்கள், இன்டர்காமில் பேச்சு. திடீரென்று ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறுகிறது. தனக்கு மட்டுமே அது கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழாமல் உட்கார்ந்திருந்த பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. பொறுப்பு ஐந்தாகப் பிரிந்ததும் யார் தலையிலும் முழுதாக விழவில்லை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பக்கத்தில் நிற்பவர் பதறாமல் நிற்பதைப் பார்த்து ‘பெரிய அடி இல்லை போலிருக்கிறது’ என்று ஒவ்வொருவரும் முடிவுகட்டுகிறார்கள். அவரும் நம் முகத்தைப் பார்த்துத்தான் அப்படி நிற்கிறார்.

அதனால் “யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க” என்று பொதுவாகக் கத்திப் பயனில்லை. ஆளைச் சுட்டிக் காட்டுங்கள்: “நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்கு அடிங்க. கிரீன் சர்க்கிள் தாண்டியா, முன்னாடியா, சென்னை பக்கமா, பெங்களூர் பக்கமா, தெளிவா சொல்லுங்க.” நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்லச் சொல்லுங்கள். எதிர்த்திசைச் சாலைக்கு வந்துவிட்டால் ஆம்புலன்ஸ் சுற்றித் திரும்புவதிலேயே நேரம் போய்விடும். இன்னொருவரை, விழுந்த இடத்துக்கு ஐம்பது மீட்டர் முன்பே இண்டிகேட்டர் எரியும் வண்டியோடு நிறுத்துங்கள். பின்னால் வரும் லாரி உதவ வந்தவர்கள் மேலேயே ஏறுவதுண்டு.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துண்டையோ துப்பட்டாவையோ மடித்து, காயத்தின் மேல் உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். பத்து நிமிடம் கையை எடுக்கவே கூடாது. ‘நின்றுவிட்டதா’ என்று தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு; உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், மூச்சு அடைத்தாலொழிய. தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கும். கை காலைப் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால், கழுத்தெலும்பு முறிந்திருக்கும் பட்சத்தில் தண்டுவடமும் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை இரண்டு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்திருப்பதே பெரிய உதவி.

கேள்வி: உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டாமா? பணமும் கேட்பார்களே?
– வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ பிரிவு சேர்ந்தது. உங்கள் பெயர், முகவரி சொல்லக் கட்டாயமில்லை. ஆஸ்பத்திரி உங்களைப் பிடித்து வைக்கவோ, முன்பணம் கட்டச் சொல்லவோ கூடாது. நீங்களாக விரும்பினால்தான் சாட்சி. சிகிச்சைச் செலவுக்கு, தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவரே ஆனாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் இலவசம். 108-ல் வருபவரிடம் “48 திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பலாம்.