பவளம் கல்லா, செடியா? பினாங்குக் கடற்கரையில் ஏன் அதைப் பார்க்க முடிவதில்லை?

இரண்டுமில்லை, பவளம் ஒரு விலங்கு. பெரும்பாலான இனங்களில் ஒவ்வொரு விலங்கும் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும்: மெத்தென்ற குழாய் உடல், உச்சியில் வாய், சுற்றிலும் கொட்டும் உணர்கொம்புகள். சாப்பிடுவதும் கழிவை வெளியேற்றுவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான்!

இது கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் அடியில் கிண்ணம் போல ஒரு கூடு கட்டுகிறது. அப்புறம் அதன்மேல் இன்னொரு தளம் போட்டு ஏறிக்கொள்கிறது. மேல்மாடியில் மட்டும் ஆள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளங்கள் எல்லாம் காலி. இப்படிப் பல விலங்குகள் ஒட்டி வாழும் உருண்டைப் பவளக் கூட்டங்கள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். இடுக்குகளைச் சுண்ணாம்புப் பாசிகளும் சிப்பித் தூள்களும் அடைக்க, பல ஆயிரம் ஆண்டுகளில் அது பவளப்பாறையாகிறது.

இத்தனை கட்டுவதற்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? உடலுக்குள் வாழும் நுண்பாசிகளிடமிருந்து. அவை வெயிலில் சமைத்த சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அவைதான் காரணம்.

அதனால்தான் வெளிச்சம் முக்கியம். பினாங்கின் பத்து பெரிங்கிக் கடற்கரையில் இடுப்பளவு நீரில் நின்றாலே கால் தெரியாது; அவ்வளவு சேறு. வடக்கே, கெடாவைச் சேர்ந்த பாயார் தீவுப் பக்கம் நீர் தெளிவாக இருப்பதால் பவளம் உண்டு.

கடல் சூடேறினால் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். பலர் அது செத்துவிட்டதாக நினைக்கிறார்கள். சரியல்ல, அது பட்டினி கிடக்கிறது, சூடு சீக்கிரம் தணிந்தால் பாசிகள் திரும்பி, பவளமும் தேறிவிடலாம்.