மாமியின் கடையில் ஒருத்தி, அறைக்குள் ஒருத்தி

தங்கச்சி,

போன கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தீர்கள். கதிரையில் இருந்ததும் இருக்காததுமாகச் சொன்னீர்கள்: "ஒரு நாளைக்கு வாய் ஓயாமக் கதைக்கிறாள் மிஸ், மறுகா ரெண்டு நாளைக்கு அறைக்குள்ள கிடக்கிறாள். இவள் எந்த வகை எண்டு எங்களுக்கே விளங்குதில்ல." சாதாரண தரம் முடித்து உயர்தரத்துக்குத் துறை தெரிவுசெய்ய வேண்டிய நேரம். போனில் செய்த ஆளுமைப் பரீட்சை முதலில் 'இன்ட்ரோவேர்ட்', அதாவது உள்ளுக்குள் ஒதுங்குகிறவள் என்றது, மூன்று கிழமை கழித்து 'எக்ஸ்ட்ரோவேர்ட்', அதாவது வெளியே கலகலப்பானவள் என்றது. அதோடு வீடே குழம்பிப் போயிருக்கிறது. நீங்கள் வங்கி என்கிறீர்கள், அண்ணன் ரீச்சர் என்கிறார், பரீட்சை இரண்டு வேறு பட்டியலைத் தருகிறது.

அன்றைக்கு நான் அவளிடம் கேட்ட ஏழெட்டுக் கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். குறை சொல்லவில்லை, என் அறைக்கு ஆலோசனை கேட்டு வரும் அம்மாமார் பாதிப் பேர் அப்படித்தான். அப்புறம் போன் வந்து நீங்கள் வராந்தாவுக்குப் போன அந்த இருபது நிமிடத்தில் அவள் என்னோடு கதைத்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சித்திரை வருசத்துக்கு முன்னர் மாமியின் புடவைக் கடையில் நின்ற கதையைச் சொன்னாள். தங்கையின் கலியாணத்துக்குச் சாறி எடுக்க ஒரு பெண் வந்திருக்கிறார். ஆறு சாறி விரித்துக் காட்டினாளாம். ஒவ்வொன்றுக்கும் "வடிவாத்தான் இருக்கு" என்ற ஒரே பதில். ஆனால் கை மட்டும் திரும்பத் திரும்ப மூன்றாவது சாறியின் கரையைத் தடவிக்கொண்டிருந்தது. உங்கள் மகள் ஒன்றும் சொல்லாமல் மற்ற ஐந்தையும் மடித்து எடுத்துவிட்டு, அதை மட்டும் மேசையில் விட்டாளாம். "அவ அதத்தான் எடுத்தா மிஸ்" என்று சொல்லும்போது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று இரவு வீட்டுக்கு வந்தால், "சாப்பிட்டியா" என்று நீங்கள் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லத் தெம்பில்லையாம். நீங்கள் அதைக் கோபம் என்று நினைத்தீர்களாம்.

அது கோபமில்லை. குழப்பமும் இல்லை.

உள்ளுக்குள் ஒதுங்குகிறவர், வெளியே கலகலப்பானவர் என்று உலகத்தில் இரண்டு சாதி இருப்பதுபோலப் பேசுகிறோமே, அது பேச்சுக்கு வசதி, அவ்வளவுதான். உயரத்தை எடுத்துப் பாருங்கள். மிகவும் நெட்டையானவர்கள் கொஞ்சப் பேர், மிகவும் குட்டையானவர்கள் கொஞ்சப் பேர், மீதிச் சனம் முழுக்க நடுவில். இந்தக் குணமும் அப்படியேதான் பரவிக் கிடக்கிறது. போன் பரீட்சை செய்வது என்னவென்றால், நடுவில் ஒரு கோடு கீறி, 49 எடுத்தவளை ஒரு பெட்டிக்குள்ளும் 51 எடுத்தவளை மற்றப் பெட்டிக்குள்ளும் போடுவது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை, செய்த நாளின் மனநிலைக்கு ஏற்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுவாள். மகளுக்கு நடந்தது அதுதான்.

1921இல் எழுதிய நூலால் 'இன்ட்ரோவேர்ட்', 'எக்ஸ்ட்ரோவேர்ட்' என்ற இரண்டு சொற்களையும் உலகம் முழுக்கப் பரப்பிய சுவிஸ் உளமருத்துவர் கார்ல் யுங்கே, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு, அதில்தான் ஆட்கள் அதிகம் என்று எழுதியிருக்கிறார். அந்த நடுக் கூட்டத்துக்கு 'அம்பிவேர்ட்' என்ற பெயரும் 1920களிலேயே வந்துவிட்டது. இன்னொன்று. வில்லியம் ஃப்ளீசன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆட்களிடம் நாளுக்குப் பல தடவை 'இப்போது எப்படி நடந்துகொள்கிறீர்கள்' என்று குறிக்கச் சொல்லிப் பார்த்து 2001இல் எழுதினார். ஒரே ஆள் சில கிழமைக்குள்ளேயே அமைதியின் கரையிலிருந்து கலகலப்பின் கரைவரை போய் வருகிறார். மகள் மட்டுமில்லை, நீங்களும் நானும்தான்.

நம்மட ஊருக்கு இது புதினமா? என் பெரியப்பா இரவிரவாக வாவியில் தனியே தோணியில் இருந்து வலை போடுகிற மனிசன். வீட்டில் எண்ணிப் பேசுவார். கூத்துக்குச் சதங்கை அணிந்துவிட்டால் போதும், களரியில் வடமோடிக் கூத்தின் அருச்சுனனாக விடிய விடிய நின்று ஆடிப் பாடுவார். அடுத்த நாள் மறுபடி எண்ணின பேச்சு. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவரை 'நீ எந்த வகை' என்று ஒருநாளும் கேட்கவில்லை, குரலையும் காலையும்தான் பார்த்தார்.

சரி, துறைக்கு வருவோம். என் அபிப்பிராயத்தைப் பச்சையாகச் சொல்கிறேன்: உயர்தரத் துறையைக் குணத்தை வைத்துத் தெரிவுசெய்யக் கூடாது. சாதாரண தரப் பெறுபேறு, எந்தப் பாடத்தைச் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாள், எந்த ரியூசனுக்குக் கலைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது, இதுதான் கணக்கு. விஞ்ஞானம் அவளுக்கு ஓடுகிறது என்றால், 'வாயாடி, வர்த்தகம் படிக்கட்டும்' என்பது நியாயமில்லை. உயிரியல் இருக்கிறது, உயிர்முறைமைகள் தொழினுட்பமும் இருக்கிறது.

குணம் கணக்கில் வருவது அதற்குப் பிறகு, தொழிலைத் தெரிவுசெய்யும்போது. அங்கேயும் பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், அந்தத் தொழிலின் ஒரு நாளைப் பாருங்கள். 'வங்கி' என்கிறீர்கள். கவுண்டரில் இருப்பவருக்குக் காலையிலிருந்து மூடும்வரை முகத்துக்கு முன்னால் வரிசை. அதே கட்டடத்தில் கடன் பிரிவில் இருப்பவர் ஒருவரோடு அரை மணி கதைத்து, பிறகு கோவையோடு தனியே இருக்கிறார். பெயர் ஒன்று, நாள் வேறு. ரீச்சர் வேலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரை வரை வகுப்பும் சத்தமுமாகப் போகும், ஆனால் பின்னேரம் சொந்தமாகக் கிடைக்கும், ரியூசன் என்று அதையும் விற்காவிட்டால். குடும்பநல உத்தியோகத்தரைக் கவனித்திருப்பீர்கள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரோடு கதைக்கிறார், கிளினிக் பார்க்கிறார், மறுகா இருந்து பதிவேடு எழுதுகிறார். விவசாயப் போதனாசிரியருக்கும் அப்படித்தான், வயலில் விவசாயிகளோடு ஒரு பாதி, அறிக்கையோடு ஒரு பாதி. ஆட்களும் தனிமையும் மாறி மாறி வருகிற இந்த மாதிரி நாள்தான் உங்கள் மகளுக்குத் தோதுப்படும் என்பது என் ஊகம். பேச்சுச் சிகிச்சையும் அப்படியான ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, நிறையக் கேட்க வேண்டும், கொஞ்சம் பேச வேண்டும். அதற்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, தூரம்தான். தாதியர் பட்டப்படிப்பு என்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே உண்டு.

விற்பனையைக் கேவலமாக நினைக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும், அந்தச் சாறிக் கதைக்காக. ஆடம் கிராண்ட் என்ற பேராசிரியர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசியில் விற்பனை செய்த 340 பேரின் வருமானத்தை மூன்று மாதம் பார்த்தார். அதிகம் விற்றது கலகலப்பானவர்கள் இல்லை, நடுவில் நின்றவர்கள். பேசவும் தெரியும், நிறுத்திக் கேட்கவும் தெரியும் என்பது அவர் தரும் விளக்கம். ஒரே ஒரு ஆய்வு, அதுவும் ஒரே வகை வேலை, அதனால் இதை வைத்து மகளுக்குச் சாதகம் எழுத மாட்டேன். ஆனால் மூன்றாவது சாறியை மேசையில் விட்ட பிள்ளையை எனக்கு மறக்க முடியவில்லை.

இப்போது பெறுபேறு வரும்வரை உள்ள காலத்துக்கு ஒரு அலுவல். மகளிடம் ஒரு சின்னக் கொப்பி கொடுங்கள். ஒவ்வொரு இரவும் இரண்டே வரி: இன்றைக்கு எது களைக்க வைத்தது, எது தெம்பு தந்தது. 'கூட்டம்' என்று மொத்தமாக எழுதாமல் யாரோடு, எவ்வளவு நேரம் என்று எழுதட்டும். மச்சாளோடு மூன்று மணி நேரம் களைக்காமல், கலியாண வீட்டில் முக்கால் மணியில் களைத்தால் அது பெரிய தகவல். நீங்கள் அந்தக் கொப்பியைத் திறக்கக் கூடாது. கடையிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் கேள்வி இல்லாமல் விடுங்கள், தேத்தண்ணி மட்டும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அறைக்குள் இருந்து தெம்போடு வெளியே வருகிற பிள்ளை வேறு. நித்திரை குழம்பி, சாப்பாடு குறைந்து, பிடித்த கூட்டாளியையும் தவிர்த்து இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது குணமில்லை. அப்படி ஒன்று கண்டால் தள்ளிப்போடாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு போன் எடுத்துக் கதையுங்கள். உங்கள் மகளிடம் அந்த அறிகுறி எதையும் நான் காணவில்லை.

அடுத்த மாதம் வரும்போது போன் பரீட்சையின் முடிவு வேண்டாம், கொப்பியை அவளே கொண்டுவரட்டும். முதல் அரை மணி நேரம் அவளோடு மட்டும் கதைப்பேன். நீங்கள் வராந்தாவில் இருங்கள், இந்த முறை போன் வராவிட்டாலும்.

அன்புடன்,
மிஸ்